யாருக்கு இந்த அறிவுரை?

கைகளைக் கழுவுதல், ஒரு மீற்றர் இடைவெளி பேணல், நோய்க்குறி தோன்றின் தனியறையில் தங்கல்: 2020 பங்குனியில் மூடப்பட்ட பல்கலைக்கழகங்கள் பின்னர் திறக்கப்பட்டபோது மாணவர்க்குக் கிடைத்த கொவிட் அறிவுரையின் சாரம் இதுவே. பிழையென எவரும் கூறார். ஆயின், யாரை மனத்திற்கொண்டு இஃது எழுதப்பட்டது?

அம்பிட்டியவில் வாடகை அறையொன்றில் மூவர் நால்வராய் வாழும் பேராதனை மாணவர்க்குத் தனியறை ஏது? கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைக்கு இன்னொன்று. இரண்டிலும் மீற்றரை அளப்பவர் யார்? நடத்துநரின் அளவுகோல் வேறு. இரவிலோ மலைக்குளிருக்கு அஞ்சி யன்னல்கள் அடைபட்டிருக்கும். நோயோ காற்றிலும் பரவுவது. 2020 பங்குனியில் அதனை மறுத்துரைத்த உலக சுகாதார நிறுவனமே, காற்றோட்டமற்ற உள்ளிடங்களில் அது பரவக்கூடும் என்பதை 2021 சித்திரையில் ஒப்புக்கொண்டது. சவர்க்காரத்தை நூறுமுறை நினைவூட்டியோர் யன்னலைப் பற்றி எத்தனை முறை பேசினர்?

ஒழுக்கம் போதிக்கச் செலவில்லை. கட்டிலுக்கும் அறைக்கும் செலவுண்டு. ஆகவேதான் தொற்றியதும் மாணவரின் கவனயீனம் என்கின்றனர். போதிய விடுதி கட்டாமை எவருடைய கவனயீனம்? அடுத்த தொற்றுக்கான துண்டுப்பிரசுரத்தை வரைவோர், அச்சுக்கு அனுப்புமுன், அம்பிட்டிய அறையொன்றில் யன்னலடைத்து மூவரோடு ஓரிரவு துயின்று பார்க்கட்டும்.