எந்தக் கோழியை வளர்ப்பது?

வீட்டு வளவிலே நாலு கோழி வளர்க்க விரும்புவோர் முதலிற் கேட்கும் கேள்வி, "எந்த இனம் நல்லது?" என்பதாகும். "எதற்கு நல்லது?" என்று திருப்பிக் கேட்ட பின்னரே இதற்கு விடை கூறல் இயலும். முட்டைக்கா, இறைச்சிக்கா, அடைவைத்துக் குஞ்சு பெருக்குவதற்கா, அன்றி அடுக்களை மிச்சத்தையும் தோட்டத்துப் புழு பூச்சிகளையும் தின்று செலவின்றி வாழ்வதற்கா? இந்நான்கிலும் முதன்மை பெறும் கோழி எங்கும் இல்லை. ஒன்றைப் பெறுவதற்காக எதனை விட்டுக்கொடுக்க நாம் உடன்படுகிறோம் என்பதே இனத்தேர்வின் உட்பொருள்.

முதலில் நமது ஊர்க்கோழியை நோக்குவோம். பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் இது அடையிருக்கத் தொடங்கிவிடும். இருபத்தொரு நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, அவை தாமே இரைதேடும் வரை முட்டையை மறந்துவிடும். ஆகவே, ஆண்டுக் கணக்கிற் பார்த்தால் முட்டை குறைவு, அளவும் சிறிது. ஆயினும், பருந்தின் நிழல் கண்டவுடன் குஞ்சுகளைச் சிறகின்கீழ் ஒடுக்கும் விழிப்பு இதற்குண்டு. வெயிலையும் இது தாங்கும். கழுத்தில் இறகில்லாத ஊர்க்கோழியைச் சிறுவர் எள்ளி நகையாடுவர்; ஆனால் உடற்சூடு எளிதில் வெளியேற அவ்வெறுங்கழுத்தே உதவுகிறது. தீனிக்குப் பணம் செலவிட இயலாத வீட்டிற்கு இதனினும் பொருத்தமான கோழி வேறில்லை.

முட்டையே குறிக்கோளாயின் வெள்ளை லெக்ஹோர்ன் முன்னிற்கும். இத்தாலி நாட்டு லிவோர்னோத் துறைமுகத்தை ஆங்கிலேயர் லெக்ஹோர்ன் என்றழைத்தமையால் வந்த பெயர் இது. நன்கு பேணினால் ஆண்டிற்கு 250 முட்டைக்கு மேலும் இடும். உடல் சிறிதாதலின் தீனியும் அளவாகவே தின்னும். ஆனால் அடையிருப்பது அரிது, இறைச்சியும் சொற்பம். மருண்ட குணமுடையது, வேலியைப் பறந்து கடக்கும். வெண்ணிறம் பருந்தின் கண்ணுக்கும் எளிதிற் படும். கம்பிவலைக் கூடு உள்ளோர்க்கே இது ஏற்றது.

முட்டையும் இறைச்சியும் ஒருங்கே வேண்டுவோர் நாடுவது றோட் ஐலண்ட் றெட் இனமாகும். அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்துப் பண்ணையாளர் உருவாக்கிய இச்செந்நிறக் கோழி, 1904ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கோழி வளர்ப்புச் சங்கத்தால் தனியினமாக ஏற்கப்பட்டது. 1954இல் அம்மாநிலத்தின் அரச பறவையுமாயிற்று. பேடு ஏறத்தாழ மூன்று கிலோ நிறையுடையது. ஆண்டிற்கு 200 முட்டையளவில் எதிர்பார்க்கலாம். அமைதியான குணமுடையதாதலின் சிறுவர் உள்ள வீட்டிற்கு உகந்தது.

அவுஸ்திரேலியாவிலே தோன்றிய கரிய அவுஸ்திரலோர்ப் இனத்தின் புகழையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1922-23இல் நடந்த போட்டியொன்றில் இவ்வினப் பேடுகள் ஆறு, 365 நாளில் 1857 முட்டைகள் இட்டன. எனினும் போட்டிக் கூட்டின் கணக்கு வீட்டு வளவிற்குப் பொருந்தாது. மேலும் கருநிறம் வெயிலை ஈர்ப்பதனால், நிழல்மரம் இல்லாத வளவில் இக்கோழி வருந்தும்.

இன்று கடைகளிற் கிடைக்கும் கபிலநிற முட்டைக்கோழிகளிற் பெரும்பாலானவை கலப்பினங்கள். முட்டை மிகுதியாக இடுமெனினும், அவற்றின் குஞ்சுகள் தாயைப்போல அமையா. ஒவ்வொரு முறையும் புதிதாகவே குஞ்சு வாங்க நேரும்.

உயிரியல் கற்கும் மாணவர்க்கு இங்கு ஒரு செய்தி. றோட் ஐலண்ட் றெட் சேவலையும் லைற் சசெக்ஸ் பேட்டையும் சேர்த்தால், பொரித்த அன்றே குஞ்சின் பாலை நிறத்தால் அறியலாம். சேவற்குஞ்சு வெளிர்நிறமாகவும் பேட்டுக்குஞ்சு செம்பழுப்பாகவும் இருக்கும். பறவைகளிலே, இனநிறமூர்த்தங்கள் வேறுபட்ட சோடியாக இருப்பது பெண்ணிடத்தேயாம். தாயின் வெண்மைக்குரிய பரம்பரை அலகு மகனுக்கே செல்கிறது. மகள் தந்தையின் செம்மையையே பெறுகிறாள். பெற்றோரை மாற்றிச் சேர்த்தால் இவ்வடையாளம் தோன்றாது. ஏன் என்பதைத் தாளில் வரைந்து பாருங்கள்.

முட்டை ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. மஞ்சட்கருவின் நிறம் தீனியைப் பொறுத்தது. ஆகவே, கபில முட்டைக்குக் கூடிய விலை கொடுப்பது கண்ணுக்கு மட்டுமே இன்பம். முட்டை உண்பதற்கு மட்டுமாயின் சேவலும் வேண்டியதில்லை. குஞ்சு பொரிக்கவே அது தேவை.

இனிக் குடும்பத்தின் வரவு செலவைப் பார்ப்போம். முட்டையிடும் பேடொன்று நாளொன்றிற்கு ஏறத்தாழ 115 கிராம் தீனி தின்னும். செங்கோழி நான்கிற்கு மாதம் 14 கிலோ அளவில் வேண்டும். அவை தருவது மாதம் 65 முட்டையளவில், அதாவது நாளொன்றிற்கு இரண்டு. உங்கள் ஊரில் 14 கிலோ தீனியின் விலையையும் 65 முட்டையின் விலையையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். இலாபம் சிறிதேயாயினும், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர்க்கு நாளும் ஒவ்வொரு முட்டை கிடைக்கும் வீடு அது. இக்கணக்குப் போடாமல், அண்டை வீட்டார் வாங்கினர் என்று வாங்குவோரின் கூடு விரைவில் வெறுங்கூடாகிவிடும்.

எந்த இனமாயினும் நிழல், தூய நீர், ஓட்டின் உறுதிக்குச் சிப்பித்தூள், மரநாயும் கீரியும் புகாத இரவுக்கூடு ஆகியன இன்றியமையாதவை. இராணிக்கெட் என வழங்கும் கொள்ளைநோய் இனம் பார்ப்பதில்லை. ஒருமுறை புகுந்தால் கூட்டையே வெறுமையாக்கும். ஆதலின் உரிய காலத்தில் தடுப்பு மருந்து ஏற்றுதற்குக் கால்நடை வைத்தியரை முன்னரே அணுகுங்கள்.

இறுதியாக ஒன்று. பேடு நிறைய முட்டையிடுவது முதலிரண்டு ஆண்டுகளிலேதான். பின்னர் ஆண்டுதோறும் குறையும். அதன்பின்னரும் அது பல ஆண்டு உயிர்வாழும். பிள்ளைகள் பெயரிட்டு அழைத்து, கையால் அரிசி ஊட்டிய கோழியை அப்போது என்செய்வது? விற்பதா, கறியாக்குவதா, முதுமை வரை சும்மா வைத்துப் பேணுவதா? முடிவு வீட்டுக்கு வீடு வேறுபடும், எதுவும் குற்றமன்று. ஆனால் அதனைக் குஞ்சு வாங்குமுன்னரே பெரியவர்கள் கூடிப் பேசிப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும். இல்லையேல், ஒருநாள் பள்ளியால் வந்த பிள்ளை வெறுங்கூட்டின்முன் நின்று அழும்போது சொல்வதற்கு நம்மிடம் சொல் இராது.