மூக்குல வெச்ச சிலிகானும் 'இன்னொரு அஞ்சு நாள்' ஆன்டிபயாடிக்கும்

"ஒரு தடவ வெச்சா ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்." மூக்கை எடுப்பா காட்ட சிலிகான் வைக்கிறவங்க விளம்பரத்துல இந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. த்ரெட் கொஞ்சம் நீளம். மூக்கு ஆபரேஷன் யோசனையில இருக்கிறவங்க முழுசா படிச்சிடுங்க.

சிலிகானே விஷம்னு நான் சொல்லல. மூக்குத் தண்டுல மட்டும், அளவா வெச்ச பல பேர் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா அது ரத்த ஓட்டம் இல்லாத பொருள். அது மேல கிருமி ஒட்டிக்கிட்டு பயோஃபிலிம்ங்கிற வழவழப்பான படலத்தைக் கட்டிக்கிச்சுன்னா, மாத்திரை, ஊசி எதுக்கும் அவ்வளவு சுலபமா சாகாது. வெச்சுப் பல வருஷம் கழிச்சும் இது வரலாம்.

அயோக்கியத்தனம் இதுக்கப்புறம்தான். மூக்கு நுனி சிவந்து வீங்குது. போன் பண்ணா, "ஒண்ணுமில்லம்மா, இன்னொரு அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போடுங்க." அடங்கும். நிறுத்தினா திரும்ப வரும். திரும்பவும் அஞ்சு நாள்! ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க? எடுத்தா தோத்ததா ஆகும், காசைத் திருப்பிக் கேப்பாங்க. வேற என்ன காரணம் இருக்கு?

இப்படி இழுத்தடிக்கிறப்போ உள்ளே தழும்பு இறுகி, நுனி மேல தூக்கிக்கும், நேரா பார்த்தாலே மூக்குத் துவாரம் தெரியும். இந்த ஆபரேஷன் ரொம்ப சகஜமான தென் கொரியாவுல இதுக்கு ஜனங்க மத்தியிலேயே தனிப் பேர் உண்டு: குச்சுக்கோ, அதாவது சுருங்கின மூக்கு. அதைச் சரி பண்ண பெரும்பாலும் விலா எலும்போட குருத்தெலும்பை எடுக்க வேண்டி வரும்.

சீழ் வந்துட்டா முறை என்ன? வெச்சதை எடுக்கணும், நல்லா கழுவணும், சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி அதுக்கேத்த மருந்து கொடுக்கணும். சிலிகான்னா உடம்பு அதைச் சுத்தி ஒரு உறை கட்டியிருக்கும், சுலபமா உருவிடலாம். மெட்போர் மாதிரி துளையுள்ள பொருள்னா சதை உள்ளே புகுந்து வளர்ந்திருக்கும், பிச்சுத்தான் எடுக்கணும். (வைக்கிறதுக்கு முன்னாடி இதை எத்தனை பேர் சொல்றாங்க?)

எடுத்த கையோட சொந்தக் குருத்தெலும்பை வெச்சுக் கட்டுறதா, சில மாசம் ஆறவிட்டுக் கட்டுறதான்னு டாக்டர்களுக்குள்ளேயே வாதம் இருக்கு, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா சீழ் வந்த அதே இடத்துல அன்னிக்கே புது சிலிகான் வெச்சுத் தர்றேன்னு சொன்னா, எழுந்து வந்துடுங்க.

இன்னொண்ணு. நுனித் தோல் மெலிஞ்சு பளபளன்னு ஆச்சா, உள்ள இருக்கிறது வெள்ளையா தெரியுதா? பிச்சுக்கிட்டு வெளிய வரப் போகுதுன்னு அர்த்தம். வலி இல்லையேன்னு சும்மா இருக்காதீங்க. தோல் ஓட்டையாகிறதுக்கு முன்னாடி எடுத்துட்டா சேதம் கம்மி.

என்ன பொருள், எந்த கம்பெனி, என்ன அளவுன்னு எழுதின ஆபரேஷன் நோட்ஸைக் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. தர முடியாதுன்னா அங்க மூக்கைக் கொடுக்காதீங்க.