பரணுக்குப் போகாத ரயில்

திருவிழாக் கடையில் வாங்குகிற பேட்டரி ரயிலுக்கு ஆயுள் எவ்வளவு என்று எங்கள் சங்கரன்கோவில் அம்மாக்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். ஆடித்தபசுக்கு வாங்கினால், ஆவணி பிறக்கும் முன்னே பரணுக்குப் போய்விடும். சின்னத் தொகைதான், போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

மாடல் ரயில் அப்படி அல்ல. நிஜ ரயிலை அளவெடுத்துச் சிறிதாக்கிச் செய்தது. தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தில் ஓடுவது. விலை ஆயிரக்கணக்கில். அதுவும் பரணுக்குப் போனால் பணமும் போச்சு, பிள்ளையின் ஆசையும் போச்சு.

"செகண்ட் ஹேண்டில ஒரு ரயில் செட் வருது, பேரனுக்கு வாங்கலாமா?" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் கேட்டார். விசைத்தறியில் நாற்பது வருஷம் நின்றவர். சிங்கப்பூரிலும் லண்டனிலும் சொந்தங்கள் இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி எப்போது வேண்டுமானாலும் வரலாம். அங்கே ஒரு பிள்ளை விளையாடி முடித்த பெட்டி இங்கே வந்து இறங்கும். அதனால் கொஞ்சம் விவரமாகவே பேசிவிடுவோம்.

பழசு எதற்கு?

முதல் காரணம் விலை. இறக்குமதிப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-இல் 70 ஆனது. வெளிநாட்டு ரயில் செட் புதிதாக வாங்கக் கை நடுங்குவதில் இந்த வரிக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது காரணம், இவை பழுது பார்க்கக்கூடியவை. பிரிட்டனின் லிவர்பூல் நகரில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களைக் கொண்டுவந்தார். அவர் பெயரில் இன்றும் மின்சார ரயில்கள் வருகின்றன. இந்த வகை இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றலாம், துடைக்கலாம், எண்ணெய் விடலாம், தேய்ந்த பாகத்தை மாற்றலாம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அப்பா ஓட்டியதை மகனும் ஓட்டலாம்.

காசு கொடுக்கும் முன்...

முதலில் தண்டவாளத்தின் அகலத்தைக் கேளுங்கள். ஓஓ, எச்ஓ என்று இரண்டு அளவுகள் உண்டு. முன்னது நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு, பின்னது 87-இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றுதான், 16.5 மில்லிமீட்டர். அதனால் கலந்து ஓட்டலாம். 'என்' என்ற சிறிய வகைக்கு 9 மில்லிமீட்டர். அதை இதோடு சேர்க்க முடியாது.

ஜெர்மனியிலிருந்து வரும் மார்க்லின் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த நிறுவனத்தின் எச்ஓ ரயில்களுக்குத் தண்டவாளத்தின் நடுவில் வரிசையாக இருக்கும் சிறு புள்ளிகள் வழியாக மின்சாரம் வரும். அதன் இன்ஜினைச் சாதாரண இரட்டைத் தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். வாங்கினால் செட் முழுவதையும் வாங்குங்கள். இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள்.

அடுத்தது, வளைவுத் துண்டுகளை எண்ணுங்கள். 45 டிகிரித் துண்டு என்றால் ஒரு முழு வட்டத்துக்கு 8 வேண்டும். 30 டிகிரி என்றால் 12. ஒன்று குறைந்தாலும் வட்டம் மூடாது. அந்த ஒரு துண்டைத் தேடி அலைவது ரயில் வாங்கியதைவிடப் பெரிய வேலை.

இன்ஜினைச் சோதிக்க ஒரு 9 வோல்ட் பேட்டரியும் இரண்டு துண்டு ஒயரும் போதும். சாதாரண இரட்டைத் தண்டவாள இன்ஜினைக் கவிழ்த்துப் பிடித்து, இரு பக்கச் சக்கரங்களிலும் ஒயர்களைத் தொட வையுங்கள். சக்கரம் சுற்ற வேண்டும். ஒயர்களை மாற்றி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். நேரில் பார்க்க முடியாவிட்டால், ஒரு முழுச் சுற்று மெதுவாக ஓடுகிற வீடியோவைக் கேளுங்கள். வேகமாக ஓடுவதில் குறை தெரியாது. நடக்கிற வேகத்தில்தான் விக்கலும் திக்கலும் தெரியும். "நல்லா இருக்கும், ஓட்டிப் பார்க்கலை" என்று சொன்னால், ஓடாத பொருளுக்கு உள்ள விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

மிகப் பழைய இன்ஜின்களில் அடிப்பாகத்து உலோகத்தையும் பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்திருந்தால், காலப்போக்கில் உலோகம் உப்பி, வெடிப்பு விட்டு, பிஸ்கட் போல உதிரும். அதற்கு வைத்தியம் கிடையாது. பழங்காலத்து வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். எதையும் வாயில் வைக்கிற வயதுக் குழந்தை கையில் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக மின்சாரம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் அதேதான். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அங்கிருந்து வந்த கருவியை அப்படியே நம் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். பிரிட்டன் செட்டே ஆனாலும், பழைய கன்ட்ரோலரின் ஒயர் காய்ந்து வெடித்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் வாங்குங்கள். தண்டவாளத்தில் வரும் 12 வோல்ட் பிள்ளை கையை ஒன்றும் செய்யாது. ஆபத்தெல்லாம் சுவருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில்தான்.

வாங்கிய பிறகு

பெரியவர் இவ்வளவையும் பார்த்துத்தான் வாங்கினார். இரண்டு நாள் ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் விக்கி விக்கி நின்றுவிட்டது. "தாத்தா, ரயில் செத்துப் போச்சு" என்று பேரன் உதட்டைப் பிதுக்கிவிட்டான்.

அவர் பதறவில்லை. இன்ஜினைக் கவிழ்த்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சக்கர அச்சில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. "தறி நின்னா மொதல்ல எதைப் பாக்கணும்? பஞ்சைத்தாம்ல!" என்றபடி, சிறு இடுக்கியால் நூல் நூலாக உருவி எடுத்தார். தறி ஓடும் தெருவில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். தரையில் ஓடுகிற ரயில் அதையெல்லாம் சுருட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பேரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தாவுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் வீட்டில் பஞ்சுக்குப் பதில் தலைமுடியோ பாய்க்கோரையின் தூசோ இருக்கும். அதனால் தரையில் ஓட்டாதீர்கள். நான்குக்கு ஆறு அடி ப்ளைவுட் ஒன்றை மேசைமேல் போட்டால் ஒரு நீள்வட்டம் தாராளமாக அடங்கும். ஓட்டும் முன் தண்டவாளத்தைப் பருத்தித் துணியில் ஐசோப்ரோபில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அது எளிதில் தீப்பிடிக்கும்; துடைத்துக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள், அந்த வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அந்தக் கீறல்களில்தான் அழுக்கு குடியேறும். அச்சுக்கு ஊசி முனையில் ஒரு சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் போதும். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

நம் ரயில் வேண்டும் என்றால்?

"பொதிகை எக்ஸ்பிரஸ் மாதிரி கிடைக்காதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கணக்குப் போட வையுங்கள். இப்போதைய எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 23.5 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 27 சென்டிமீட்டர். இருபது பெட்டி கோத்தால் ஐந்தரை மீட்டர், வீட்டுக்கூடம் தாங்காது. மூன்று பெட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 16.5 மில்லிமீட்டரை 87-ஆல் பெருக்கினால் 1,435 வரும். அது ஐரோப்பிய ரயில் பாதையின் அகலம். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். தாத்தா காலத்தில் நம் ஊர் வழியாக ஓடிய மீட்டர் கேஜ் 1,000. மூன்றையும் தாளில் வரைந்து பார்த்தாலே, பாதையை மாற்றியபோது ஏன் அத்தனை வேலை நடந்தது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இது பணக்கார நாட்டுப் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. புனேயின் கோத்ரூடில் பி.எஸ். ஜோஷி என்பவர் உருவாக்கிய மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. சிக்னலும் ஸ்டேஷனும் ஊருமாக அங்கே ரயில்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1946-இல் தொடங்கிய மாடல் ரயில் கிளப்பில், மேசைக்கு அடியில் ஒயரும் சுவிட்சும் கோத்துப் பழகிய மாணவர்கள் சிலர் பின்னாளில் கணினியில் புகுந்து விளையாடினார்கள். 'ஹேக்கர்' என்ற சொல் கணினி உலகத்துக்குப் போனதில் அந்தக் கிளப்புக்கும் பங்கு உண்டு. ரயில் ஓடும்போது கற்றதைவிட, நின்றபோது ஏன் நின்றது என்று தேடித்தான் அவர்கள் அதிகம் கற்றிருப்பார்கள்.

ஆகவே, செட் வந்து இறங்கியதும் கன்ட்ரோலரைப் பிள்ளையிடம் நீட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தாத்தாவோ அப்பாவோ அத்தையோ, வீட்டில் கை வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். பஞ்சு எடுப்பதையும் எண்ணெய் விடுவதையும் முதலில் காட்டிக் கொடுங்கள். ஓட்டுவதை அவர்கள் தானாகவே கற்றுக்கொள்வார்கள்.