சாவி யாரிடம்?

டொனால்ட் குனூத் என்றால் நமக்கு நிரலாக்கம் பற்றிய தடித்தடியான புத்தகங்கள்தான் ஞாபகம் வரும். மனுஷன் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு குழல் ஆர்கன் வைத்தவர். 1970களில் லாஸ் ஏஞ்சலஸின் அபாட் அண்ட் சீகர் பட்டறை செய்தது. 16 வரிசைகள், 812 குழல்கள். இப்படி வீட்டில் ஆர்கன் வைத்தவர்கள் அமெரிக்காவில் வேறு பலரும் உண்டு. வயதாகும்போது எல்லோருக்கும் ஒரே கேள்வி: இதை என்ன செய்வது? சட்டென்று வரும் பதில், "பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்திடலாம்."

நல்ல பதில்தான். ஆனால் லாரி வந்து ஏற்றிப்போனதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

ஆர்கன் பியானோ மாதிரி இல்லை. அறையின் உயரம், சுவர், தரை எல்லாம் பார்த்து ஒவ்வொரு குழலின் வாயையும் திருத்திக் குரல் கொடுத்திருப்பார்கள். வரவேற்பறையில் இதமாக இருந்த குரல் பெரிய அரங்கில் எடுபடாது. மறுபடியும் குழல் குழலாக உட்கார்ந்து சரிசெய்யணும். வெப்பம் கூடினால் சாதாரணக் குழல்களின் சுருதி ஏறும். நாக்கு வைத்த குழல்கள் அந்த அளவுக்கு ஏறாது. விடுமுறையில் ஏசியை அணைத்தால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகும். வருஷங்கள் ஓடினால் தோல் காய்ந்து காற்று கசியும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் ஆர்கனை வாங்கிக்கொள்ளும் நிர்வாகம், யானையைத் தானமாக வாங்கிவிட்டுத் தீனியை மறந்த கோயில்.

இதைவிடப் பெரிய பாவம் பூட்டு. கொடையாளர் பெயரைப் பித்தளையில் பொறித்து மாட்டுவார்கள். மாணவர் தொட வந்தால் "கெடுத்துடுவாங்க" என்பார்கள். வாசித்தால்தானே எந்தக் குழல் ஊமையாகிவிட்டது என்பதே தெரியும்?

ஈ. பவர் பிக்ஸ் 1958இல் டச்சுக்காரர் ஃபிளென்ட்ராப்பிடம் தன் சொந்தச் செலவில் ஒரு ஆர்கன் செய்வித்தார். அது வீட்டு ஆர்கன் இல்லை. ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் வைத்தார். பிற்பாடு ஹார்வர்டுக்கே சொந்தமானது. அங்கே அவர் வாசித்துப் பதிவுசெய்த பாக் இசைத்தட்டுகளால்தான் அந்த ஆர்கனுக்குப் பெயர். பித்தளைப் பலகையால் இல்லை.

ஆகவே கொடுப்பவர்களே, கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். புது அறைக்கு ஏற்பக் குரல் சேர்ப்பது யார்? ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் எங்கே? இரவு ஒன்பது மணிக்கு ஒரு இயற்பியல் மாணவி வாசிக்க வந்தால் சாவியை யார் கொடுப்பார்?

மூன்றாவதற்குப் பதில் இல்லையா? கொடுக்காதீர்கள். வாசிக்க ஆள் இருக்கிற ஒரு சின்ன ஊர் தேவாலயத்தைத் தேடிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையாவது அது பாடும்.