வழங்கி வாங்குவோம், அதைக் கவனிக்க மாட்டோமா?



நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. கணினிக்கூடத் திறப்புவிழா என்றால் மண்டபம் நிறையும். மாலை, பொன்னாடை, நன்கொடையாளர் உரை, நாளிதழில் படம் எல்லாம் உண்டு. அந்தக் கூடத்தின் வழங்கியை, அதாவது சர்வரை, மறுநாளிலிருந்து எவர் கவனிப்பார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இந்தப் போக்கைக் கண்டித்தே இதனை எழுதுகிறேன். கண்டனத்திற்கு உரியவர்களில் முதல் ஆள் நான்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளிடம் தோட்டப்புற வாழ்வைப் பற்றிக் கேட்டுக் குரல்பதிவு செய்தார்கள். பால்மரம் வெட்டியது, விடியற்காலைப் பெரட்டு, லயத்து வீடு என எத்தனையோ செய்திகள்! பதிவுகளைப் பள்ளி வழங்கியில் சேர்த்தோம். பதிவுக் கருவிகள் மூன்றே இருந்தமையால், சேர்த்தவுடன் கருவியில் உள்ளதை அழித்துவிட்டு அடுத்த மாணவரிடம் கொடுத்தோம். பருவ இறுதியில் திறந்து பார்த்தபோது, கடைசி மூன்று வாரங்களின் 43 கோப்புகளும் பெயரளவில் மட்டுமே இருந்தன; உள்ளே ஒன்றுமில்லை. "ஐயா, என் பாட்டி பேசினது எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு முந்தைய வாரம்தான் அந்தப் பாட்டி காலமானார்.

காரணம் எளியது. காப்புநகல் எடுக்கும் நிரல் ஒவ்வோர் இரவும் முழு நகலை அதே வட்டில் எழுதியது; பழைய நகலை அழிக்கவில்லை. வட்டு முழுதும் நிரம்பியபின், கோப்பின் பெயரைப் பதிய முடிந்தது. உள்ளடக்கத்தை எழுத இடமில்லை. பிழையைக் குறித்துவைக்கும் பதிவேட்டிற்கும் இடமில்லை! நாள்தோறும் ஒரே சீராக நிரம்பிய வட்டு என்றைக்கு முடியும் என்பதைப் பல வாரங்களுக்கு முன்பே கணக்கிட்டிருக்கலாம். பார்க்க எவரும் இல்லை.

"நாங்கள் ஆசிரியர்கள், தொழில்நுட்பர்கள் அல்லர்" என்பார்கள். நாள்தோறும் வருகைப் பதிவேடு எடுப்பவர்கள் நாம். ஒரு நாள் வராத மாணவனுக்காகப் பதற மாட்டோம். திங்கள்தோறும் வராதவனை விசாரிப்போம். வழங்கிக்கும் அத்தகைய பதிவேடே வேண்டும். லினக்சில் இயங்கும் 'சிஸ்ஸ்டாட்' என்னும் கட்டற்ற மென்பொருள், வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் பளுவைக் குறித்துவைக்கும். விலை ஒரு காசும் இல்லை. நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புக் கோப்பில் சேகரிப்பு இயக்கப்பட்டுள்ளதா என்றும் உறுதிசெய்ய வேண்டும்.

"விற்றவர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். அவர் வருவது வழங்கி நின்றபிறகு. எங்கள் வழங்கி ஒரு நாளும் நிற்கவில்லையே! விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"எல்லாவற்றையும் இணையத்தில் சேமித்தால் தொல்லையில்லை" என்பாரும் உளர். கல்விக் கணக்குகளுக்கு இருந்த வரம்பற்ற சேமிப்பை நிறுத்தப்போவதாகக் கூகுள் 2021-இல் அறிவித்ததை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். அங்கும் இடத்திற்கு எல்லை உண்டு. அங்கும் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

எவற்றைக் கண்காணிப்பது?

1. வட்டின் இடம்: 80 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை, 90 என்றால் அன்றே நடவடிக்கை. கோப்புகளின் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. சிறு கோப்புகள் பெருகினால், இடமிருந்தும் எழுத முடியாமற் போகலாம்.

2. நினைவகம்: 'காலி' என்னும் எண் சிறுத்திருப்பதைக் கண்டு அஞ்சவேண்டா. சும்மா கிடக்கும் நினைவகத்தில் கோப்புகளின் தற்காலிக நகலை லினக்சு வைத்துக்கொள்ளும். 'கிடைக்கக்கூடியது' என்னும் எண்ணையே பார்க்க வேண்டும்.

3. சராசரிப் பளு: 1, 5, 15 நிமிடங்களுக்கு மூன்று எண்கள் காட்டப்படும். நான்கு கருக்கள் கொண்ட செயலிக்கு 4 என்பது ஏறத்தாழ முழுப்பளு. 15 நிமிட எண் தொடர்ந்து அதைத் தாண்டினால் காரணத்தை ஆராய வேண்டும்.

4. வட்டின் நலம்: 'ஸ்மார்ட்' என்னும் தற்சோதனையில், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை கூடிவந்தால் உடனே வேறு வட்டு வாங்குங்கள்.

எச்சரிக்கை அந்த வழங்கிக்குள்ளேயே கிடந்தால் பயனில்லை. மின்னஞ்சலுக்கோ புலனத்திற்கோ வெளியே வரவேண்டும். ஒருவர் மாற்றலாகிச் சென்றாலும் தடைபடாதபடி இருவருக்கு வரவேண்டும். வழங்கியே செத்துவிட்டால் அது செய்தி அனுப்பாது. ஆகவே, வேறொரு கணினியும் அதனைத் தட்டிப்பார்க்க வேண்டும். அற்பத்திற்கெல்லாம் எச்சரிக்கை வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் எல்லாரும் ஒலியை அடைத்துவிடுவார்கள். அமைத்தபின் எல்லையைச் சற்றே குறைத்து, செய்தி உண்மையில் வருகிறதா என்று சோதியுங்கள்.

பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். நம் வழங்கியின் வட்டு இன்று எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது? நிரம்பினால் செய்தி யாருக்கு வரும்? விடை கிடைக்கும்வரை புதிய கணினிக்கு ஒரு வெள்ளியும் நன்கொடை தராதீர்கள்.

அந்த மாணவிக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. உங்கள் பள்ளியிலும் அப்படியொரு நாள் வரவேண்டா.

சிந்திப்போம், செயல்படுவோம்!