ஒய் அழுத்தச் சொல்பவர்களுக்கு

கணினி பழுதுபார்ப்போர் வட்டாரத்தில் ஒரு வாக்கியம் வேதவாக்காகப் புழங்குகிறது: "டிபிஎம் பிழை காட்டுகிறதா? கிளியர் செய்துவிடுங்கள், சரியாகிவிடும்." இதைச் சொல்பவர்களுள் பெரும்பாலோர் அந்தச் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறையும் கேட்டறியாதவர்கள். இப்பதிவு அவர்களுக்கு எதிரானது. அவர்களை அவ்வறியாமையிலேயே வைத்திருக்கும் பெருநிறுவனங்களுக்கு இன்னும் கடுமையாக எதிரானது. சற்று நீளும், பொறுத்துப் படியுங்கள்.

முதலில் பொருள். டிபிஎம் என்பது சாவிகளைப் பூட்டிவைக்கும் சிறு சில்லு. 2003இல் உருவான டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்னும் நிறுவனக் கூட்டமைப்பு இதன் இலக்கணத்தை வகுத்தது. இன்று புழங்கும் 2.0 பதிப்பு 2015இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. கணினி உயிர்பெறும்போது பயாஸ் தொடங்கி ஒவ்வொரு படியின் அளவீடும் இச்சில்லில் பதிவாகிறது. அளவீடுகள் பழையபடியே இருந்தால், வட்டின் குறியாக்கத்தைத் திறக்கும் சாவியை அது வெளியே தரும், மாறியிருந்தால் தராது. வாசலில் நிற்பவர் வீட்டுக்காரரா என்று அது பார்ப்பதில்லை. வீடு நேற்றிருந்தபடி இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆகவே பயாஸைப் புதுப்பித்தாலோ செயலியை மாற்றினாலோ உரிமையாளரே தெருவில் நிற்க நேரலாம். அந்நேரத்தில் கைகொடுப்பது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றே.

மேசைக்கணினியில் வேறொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. மதர்போர்டின் ஓரத்தில் டிபிஎம் என்று அச்சிட்ட ஊசிவரிசை ஒன்று வெறுமையாக இருக்கும். அதைக் கண்டதும் "சில்லு இல்லை, தனியாக வாங்கவேண்டும்" என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். 2021 ஜூன் 24 அன்று விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே இந்தச் சிறு பலகைகளின் விலை இணையத்தில் சில மடங்கு ஏறியது நினைவிருக்கலாம். வாங்கியவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை. கடந்த பத்தாண்டுகளில் வந்த பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி அமைப்புகளில் மென்பொருள் வடிவ டிபிஎம் உள்ளேயே இருக்கிறது. இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பல பலகைகள் அதனை அணைத்துவைத்தே விற்பனைக்கு வந்தன. பயாஸுக்குள் சென்று ஒரு சொல்லை மாற்றினால் வேலை முடிந்தது. தனிப்பலகை வாங்கியே தீர்வேன் என்பவர்க்கும் ஓர் எச்சரிக்கை: 12 ஊசி, 14 ஊசி, 20 ஊசி என்று ஆளுக்கொரு அமைப்பு, எஸ்பிஐ, எல்பிசி என்று இருவகைத் தடங்கள். ஒரு நிறுவனத்தின் பலகை மற்றொன்றில் பொருந்தினால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

தனிப்பலகை கூடுதல் பாதுகாப்பு என்ற பேச்சும் முழு உண்மையன்று. சில்லுக்கும் செயலிக்கும் இடையிலான தடத்தில் சாவி மறைப்பின்றிப் பயணம் செய்கிற அமைப்புகள் உண்டு. 2024இல் ஓர் ஆய்வாளர் பத்து டாலருக்கும் குறைவான ராஸ்பெரி பை பிகோ கருவியைக் கொண்டு, ஒரு பழைய மடிக்கணினியின் பிட்லாக்கர் சாவியை ஒரு நிமிடத்துக்குள் அத்தடத்திலிருந்து படித்துக் காட்டினார். உள்ளமைந்த வகையும் புனிதமானதன்று. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஏஎம்டியின் எஃப்டிபிஎம்மை உடைத்தார்கள்.

இப்போது அந்த ஒய்க்கு வருகிறேன். ஏஎம்டி பலகைகள் சிலவற்றில் செயலியை மாற்றியபின் கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றும். ஒய் அழுத்தினால் எஃப்டிபிஎம் அழிக்கப்படும், குறியாக்கம் செய்த வட்டு இருந்தால் மீட்புச் சாவியின்றித் திறக்காது. என் அழுத்தினால் பழைய பதிவு அப்படியே இருக்கும், பழைய செயலியைத் திரும்பப் பொருத்திச் சாவிகளை மீட்கலாம். சாரம் இவ்வளவே. என் என்பது திரும்பும் வழியுள்ள விடை. ஒய் திரும்பாத விடை. ஆயினும் இந்நாட்டில் எத்தனை கைகள் யோசனையின்றி ஒய்யை நோக்கிப் போகின்றன! காரணம் எளிது: அறிவிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, வரிகள் நெருக்கமாக இருக்கின்றன, அவசரத்தில் இருப்பவருக்கு "ஆம்" என்பது வேலை நடக்கும் என்பதன் அடையாளம்.

சிறுதொழிற்கூடங்களின் கணினிப் பயன்பாடு என் ஆய்வுப் பொருள் என்பதால் பிம்ப்ரி, சின்ச்வட், போசரி பட்டறைகளில் சுற்றித் திரிபவன் நான். பிம்ப்ரியில் அச்சுவார்ப்புப் பட்டறை நடத்தும் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மேசைக்கணினிக்கு இதுதான் நேர்ந்தது. கடைக்காரர் செயலியை மாற்றினார், ஒய் அழுத்தினார், இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் திரை 48 இலக்கம் கேட்டது. அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்துக் கொடுத்து வேலையைவிட்டுப் போன பையனின் மின்னஞ்சல் கணக்கில் கிடந்தது. ஆறாண்டு வரைபடங்கள் உள்ளே. "தம்பி, நான் எதையும் பூட்டச் சொல்லலையே" என்றார் அண்ணாச்சி. பூட்டச் சொல்லாதவரின் பொருளைப் பூட்டிச் சாவியை வேறொருவர் சட்டைப்பையில் வைக்கும் ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயர்! பையனைத் தேடிப்பிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அவன் நல்லவன், சாவியைக் கொடுத்தான். அதுவரை அச்சுகள் நின்றன. கடைக்காரர் இன்றுவரை "சில்லு கோளாறு" என்றே சொல்லிவருகிறார்.

சில்லில் கோளாறு ஏதுமில்லை, தன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது. கோளாறு, அதை ஒரு நிபந்தனையாக்கிய கொள்கையில் இருக்கிறது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 கட்டாயம் என்றது மைக்ரோசாஃப்ட். சரி, அந்தச் சில்லு இருந்தால் போதுமா? போதாது. 2017இல் வந்த ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளும் முதல் ரைசன் செயலிகளும் டிபிஎம் 2.0 தரவல்லவை, இருந்தும் ஏற்புப் பட்டியலில் இடமில்லை. ஏழாம் தலைமுறையில் விலக்குப் பெற்ற மிகச் சிலவற்றுள் ஐ7-7820எச்க்யூ ஒன்று. மைக்ரோசாஃப்ட் தானே விற்றுவந்த சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியின் செயலி அது. தற்செயல் என்று நம்புவோர் நம்பலாம், நான் நம்பவில்லை.

சிறுதொழிற்கூடத்தை உண்மையில் அச்சுறுத்துவது எது? வட்டைக் கழற்றிச் செல்லும் திருடனா? அவனுக்கு எதிராகத்தான் இச்சில்லு பயன்படும். இரயிலில் மடிக்கணினி தொலைப்பவருக்கு அது பெரும் உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் பட்டறையைக் கவிழ்ப்பது மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் வரும் பணயத் தீநிரல். அது நுழையும் நேரத்தில் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, வட்டு திறந்தே இருக்கிறது, சில்லுக்கு அங்கே வேலையில்லை. 2017 மே மாதம் வானாகிரை பரவியபோது சென்னைக்கு அருகிலுள்ள ரெனால்ட்-நிசான் ஆலையே உற்பத்தியை நிறுத்தவேண்டி வந்தது. அதற்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. காத்திருக்கக்கூடியது காலத்தே வரும் திருத்தம் ஒன்றுதான். விண்டோஸ் 10க்கு அந்தத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தன. பணம் கட்டியோ நிறுவனக் கணக்கில் இணைந்தோ தனிநபர் பெறக்கூடிய நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. பாதுகாப்பான சில்லு இல்லை என்ற காரணம் காட்டி, பாதுகாப்புத் திருத்தத்தையே நிறுத்துகிறார்கள். இதைவிடத் தலைகீழான தர்க்கத்தை நான் படித்ததில்லை.

இச்சில்லை உளவுக் கருவி என்று கூவும் நண்பர்கள் என்னோடு சேர்ந்துகொள்ள வேண்டாம். அது உங்கள் கோப்புகளை எங்கும் அனுப்புவதில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் இத்தொழில்நுட்பத்தைத் "துரோகக் கணிமை" என்று இருபதாண்டுகளுக்கு முன்பே சாடியபோது எழுப்பிய கேள்வி வேறு: கணினி யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும்? லினக்ஸும் இதே சில்லைப் பயன்படுத்தும்; ஆனால் இல்லையென்றால் வாசலை மூடாது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் நம்மிடம் இருக்கிறது. தமிழக அரசின் எல்காட் 2007 வாக்கிலேயே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. பட்டறைகளின் வடிவமைப்பு மென்பொருள்கள் பல லினக்ஸில் ஓடா என்பதை அறிவேன், அங்கே மாறு என்று உபதேசம் செய்யமாட்டேன். அலுவலகக் கணக்கும் கடிதமும் மட்டும் பார்க்கும் கணினியைப் பழைய இரும்புக்கு எடைபோடுவதற்குத்தான் எந்த நியாயமும் இல்லை.

ஊர் ஒன்று கருதவேண்டும். பென்சிலினுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கலாகாது என்று 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது இதே பிம்ப்ரியில். அமெரிக்கா கிரே மீக்கணினியைத் தர இழுத்தடித்ததால் 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக், 1991இல் பரம் 8000ஐ உருவாக்கியது பக்கத்துப் புணேயில். அதே மண்ணில், ஓடும் கணினியைக் குப்பை என்று ஒருவர் சொன்னால் மறுபேச்சின்றித் தலையாட்டுகிறோம்.

அரசிடம் கேட்பது இரண்டு. குறியாக்கத்தை உரிமையாளரின் வெளிப்படையான ஒப்புதலின்றித் தொடங்கலாகாது, தொடங்கினால் மீட்புச் சாவி அப்போதே அவர் கையில் தாளாக வரவேண்டும். சாவிகளை அழிக்கும் எந்த அறிவிப்பும் இந்திய மொழிகளில் தோன்றவேண்டும்.

பழுதுபார்ப்போரிடம் கேட்பது இன்னும் எளிது. திருகாணியைத் தொடுமுன் வட்டு குறியாக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள், 48 இலக்கத்தைப் படியெடுத்து உரிமையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள், பிறகு பயாஸைத் தொடுங்கள். ஐயம் வந்தால் என் அழுத்துங்கள்.

பிம்ப்ரி, போசரிப் பக்கம் பட்டறை வைத்திருப்போர் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்தால் வந்து பார்த்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம், தேநீர் போதும். சாவியைத் தாளில் எழுதி இரும்புப்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.