கைவிடப்பட்ட பாதையாம்!

ஒரு பொருளைக் 'கைவிடப்பட்டது' என்று சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அது யாருடைய பொருள்? அதைக் கைவிட்டவர் யார்? கைவிடும் உரிமை அவருக்கு இருந்ததா? இம்மூன்றையும் கேளாமல் அச்சொல்லை வழங்கவிடுவது எத்துணை ஆபத்தானது என்பதை நம்மவர்க்கு நாம் விளக்கத் தேவையில்லை. 'ஆளில்லாச் சொத்து' என்று ஊருக்குள் ஒரு பேச்சு எழுந்தால், அடுத்து அங்கே யாரோ ஒருவருடைய வேலி எழும் என்பது பள்ளிவாசல் நிலங்களை நிர்வகித்தவர்கள் அனைவரும் அறிந்ததே.

பாலஸ்தீன மண்ணில் ஓர் இருப்புப்பாதை இன்று அந்தச் சொல்லால்தான் அழைக்கப்படுகிறது. மத்தியதரைக் கடலோரத்தில் ஹைபா துறைமுகம். அங்கிருந்து கிழக்கே மர்ஜ் இப்னு ஆமிர் பள்ளத்தாக்கின் வழியே ஜோர்தான் நதிக்கரையை அடுத்த பைஸான் வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பல்லாண்டுகள் புல் மண்டிக் கிடந்த அந்தக் குறுகிய பாதையின் தடத்தை ஒட்டி, இஸ்ரேல் அரசு அகலமான புதிய பாதையொன்றை அமைத்தது. 2016 அக்டோபரில் அதில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. பைஸானுக்கு இன்று பெய்த் ஷெஆன் என்று பெயர். காலையில் அங்கே ஏறும் ஊழியரும் மாணவரும் ஒரு மணி நேரத்திற்குள் ஹைபாவில் இறங்கிவிடுகின்றனர். கைவிடப்பட்ட பழைய பாதை புத்துயிர் பெற்றது என்று இதனைப் போற்றுகிறார்கள்.

இரயில் ஓடுவதில் நமக்கு வருத்தமில்லை. உழைப்பாளியை வேலைக்கும், மாணவனைக் கல்லூரிக்கும் கொண்டு சேர்க்கும் எந்த வண்டியும் நல்ல வண்டியே. அவ்வட்டாரத்து அரபு மக்களும் அதில் ஏறிச் செல்லத்தான் செய்கிறார்கள். நமது வழக்கு வண்டியோடு அன்று. 'கைவிடப்பட்ட' என்னும் அந்த ஒரு சொல்லோடுதான்.

அது யாருடைய பாதை?

அந்தப் பழைய தண்டவாளம் ஹிஜாஸ் இரயில் பாதையின் கிளை. 1900ஆம் ஆண்டில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அறிவித்த திட்டம் அது. டமாஸ்கஸிலிருந்து மதீனா முனவ்வரா வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தூரம். தண்டவாளங்களின் இடைவெளி 1,050 மில்லிமீட்டர். நாம் நன்கறிந்த மீட்டர் கேஜைவிட ஐந்து சென்டிமீட்டர்தான் கூடுதல். ஒட்டகக் கூட்டத்தோடு நாற்பது நாள் வெயிலிலும் தாகத்திலும் நடந்த ஹாஜிகளை மூன்று நான்கு நாளில் நாயகம் (ஸல்) அவர்களின் நகரில் கொண்டு சேர்க்கும் பாதை. 1908 செப்டம்பரில் அது மதீனாவை எட்டியது. அல்உலாவுக்குத் தெற்கே புனித பூமியை நோக்கிய கடைசிப் பகுதியை முஸ்லிம் பொறியாளர்களே முன்னின்று முடித்தார்கள்.

இப்பாதைக்கு ஐரோப்பிய வங்கிகளிடம் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. கடன் கொடுத்தவன் பின்னர் கழுத்தைப் பிடிப்பான் என்பதை உதுமானிய அரசு பட்டறிந்திருந்தது. ஆகவே உலக முஸ்லிம்களிடம் கையேந்தினார்கள். சுல்தான் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துத் தொடங்கி வைத்தார். அரசு ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. தனி முத்திரைத் தலைகள் விற்கப்பட்டன. குர்பானித் தோல் விற்ற காசும் அந்த நிதியில் சேர்ந்தது. மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நன்கொடையாகவே வந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு.

அந்தக் காசில் நமது நாட்டுக் காசும் இருந்தது. லாகூரில் பத்திரிகையாளர் முஹம்மது இன்ஷாவுல்லாஹ் ஓயாது எழுதி நிதி திரட்டினார். ஹைதராபாத்தில் முல்லா அப்துல் கையூம் வீடு வீடாக இச்செய்தி செல்ல உழைத்தார். நன்கொடையாளருக்குத் தொகைக்கேற்பப் பொன், வெள்ளி, நிக்கல் பதக்கங்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலேயரின் ஆட்சியில் அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு மக்கள், தாம் கண்ணாலும் காணாத பாலைவனத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தம்முடையதாக இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். இதை ஸதகத்துல் ஜாரியா என்னாமல் வேறு என்னென்பது?

இத்திட்டத்தில் ஹைபாக் கிளை பெயருக்கு இருந்த ஒன்றன்று. அந்நாளில் பெய்ரூத்திலிருந்து டமாஸ்கஸ் செல்லும் பாதை பிரெஞ்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. தண்டவாளமும் எஞ்சினும் கொண்டுவர ஹிஜாஸ் பாதைக்கென்று சொந்தத் துறைமுகம் வேண்டியிருந்தது. ஆங்கிலக் கம்பெனியொன்று அரைகுறையாக விட்டிருந்த வேலையை உதுமானிய அரசு 1902இல் விலைக்கு வாங்கி, 1904இல் பைஸான் வரையும், 1905இல் ஜோர்தான் பள்ளத்தாக்கைக் கடந்தும் பாதையைக் கொண்டு சென்று, தர்ஆவில் தாய்ப்பாதையோடு இணைத்தது. மதீனாவை நோக்கிச் சென்ற இரும்பில் பெரும்பகுதி இந்த வாசல் வழியேதான் நுழைந்தது. சிற்றூராக இருந்த ஹைபா பெருநகரானதற்கும் இப்பாதை ஒரு முதற்காரணம்.

கைவிட்டவர் யார்?

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். 1946 ஜூன் 16 இரவு, யூத ஆயுதப்படையான பல்மாக் நாடெங்கும் பாலங்களைத் தகர்த்தது. அவற்றுள் ஒன்று யர்மூக் ஆற்றின்மீது ஹிஜாஸ் பாதையைத் தாங்கி நின்ற பாலம். அன்றோடு ஹைபாவுக்கும் டமாஸ்கஸுக்குமான இரயில் தொடர்பு அறுந்தது. இரண்டாண்டு கழித்து 1948 வந்தது. பாதையின் முதல் நிலையங்களுள் ஒன்றான பலதுஷ் ஷைகு கிராமம் காலியாக்கப்பட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர், பெரும்பாலும் முஸ்லிம்கள், வாழ்ந்த பைஸான் நகரம் அவ்வாண்டு மே மாதத்தில் வீழ்ந்தது. அதன் மக்கள் நதிக்கு அப்பாலும் நாஸரேத்துக்கும் துரத்தப்பட்டனர். ஹைபாவின் இரயில்வே பணிமனைகளில் உழைத்து, 1925இலேயே பாலஸ்தீன அரபுத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களின் குடும்பங்களும் அகதிகளாகிச் சிதறின.

பாதை இருந்தது, பயணிகள் இல்லை. நிலையம் இருந்தது, அங்கே ஏறி இறங்கிய ஊர் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் வண்டியும் நின்றது. இதற்குப் பெயர் கைவிடுதலா? வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு, 'வீடு பூட்டிக் கிடந்தது, திறந்து குடியேறினோம்' என்பது எந்த ஊர் நியாயம்?

அந்த நாட்டு யூதக் குடியேறிகளின் நாட்டார் கதைகளில் இந்தப் பள்ளத்தாக்கு இரயில் செல்லப் பிள்ளை. ஓடும் வண்டியிலிருந்து இறங்கிப் பூப்பறித்துவிட்டு மீண்டும் ஏறிக்கொள்ளும் அளவுக்கு மெதுவாகச் செல்லும் என்று சிரித்துச் சொல்வார்கள். தல் அஷ்ஷம்மாம் என்று அரபுப் பெயர் தாங்கிய பழைய நிலையம் அழகாகச் செப்பனிடப்பட்டு, கஃபர் யெஹோஷுவா என்னும் பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. ஹைபாவின் கிழக்கு நிலையம் இரயில்வே அருங்காட்சியகமாகியுள்ளது. சுல்தானின் பெயரால் எழுப்பப்பட்ட நினைவுத்தூணும் ஹைபாவில் உண்டு. கல்லைக் காத்தமைக்கு நன்றி சொல்வோம். ஆனால் கல்லைக் காப்பாற்றிவிட்டு, அக்கல்லுக்குக் காசு கொடுத்தவனின் உரிமையைப் புதைப்பது பாதுகாப்பாகாது.

கைவிடும் உரிமை எவருக்கு?

வக்பு செய்யப்பட்ட பொருளை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுகளுக்குப் பங்கிடவோ இயலாது என்பது நமது மார்க்கச் சட்டத்தின் அரிச்சுவடி. அதைக் கொடுத்த மனிதனே மனம் மாறினாலும் திரும்பப் பெற முடியாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. அப்படியிருக்க, இடையில் வந்த அரசுகளுக்கு அதைக் கைவிடும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

இது நமது மார்க்கச் சட்டம் மட்டும் பேசும் பேச்சன்று. 1923 லொசான் மாநாட்டில் பிரிட்டனும் பிரான்சும் ஹிஜாஸ் பாதையின் சமயத்தன்மையை ஒப்புக்கொண்டு அறிக்கை தந்தன. மதீனாவைத் தலைமையிடமாகக் கொண்ட முஸ்லிம் ஆலோசனைக் குழு ஒன்றுக்கும் இணங்கின. நடந்ததென்ன? குழு ஏட்டோடு நின்றது. சிரியாவில் இருந்த பகுதியைப் பிரெஞ்சுக் கம்பெனி நடத்தியது. பாலஸ்தீனத்துப் பகுதியை ஆங்கிலேயர் தம் இரயில்வேயோடு சேர்த்துக்கொண்டனர். ஒப்புக்கொண்டவனே ஏமாற்றிய சொத்து இது.

சில மறுப்புரைகள்

'அது பக்திப் பாதையா? படைகளை அனுப்பத் துருக்கி போட்ட பாதையல்லவா?' என்று கேட்பாருண்டு. படைகளும் சென்றன, உண்மை. சுல்தானின் அரசியல் கணக்கும் அதில் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் நிர்வாகியின் மனத்தில் வேறு நோக்கம் இருந்தது என்பதற்காக, கொடுத்தவனின் நிய்யத்தை யாரும் அழித்துவிட முடியாது. பள்ளிவாசல் கட்டிய முத்தவல்லிக்குப் புகழாசை இருந்தது என்று காட்டி, பள்ளிவாசல் நிலத்தைப் பட்டா மாற்றிக்கொள்ள முடியுமா?

'ஹிஜாஸில் அந்தத் தண்டவாளத்தைத் தகர்த்தவர்கள் அரபிகளே அல்லவா?' என்றும் கேட்பார்கள். இந்தக் குற்றச்சாட்டை நாம் மறைக்க விரும்பவில்லை. முதல் உலகப் போரில் ஆங்கிலேயரின் பொன்னையும் வெடிமருந்தையும் பெற்று அரபுக் கிளர்ச்சியாளர் செய்த அழிவு அது. அதன்பின் வந்த முஸ்லிம் அரசுகளின் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. 1960களில் தெற்குப் பகுதியைச் செப்பனிடத் தொடங்கினார்கள். வேலை பாதியில் நின்றது. எண்ணெய்ச் செல்வம் பெருகிய பின்னரும் அந்தப் பாதையை மீட்க மனம் வரவில்லை. 2018இல் மக்காவையும் மதீனாவையும் இணைத்து, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் ஹரமைன் இரயில் வந்தது. ஹாஜிகளுக்கு அது பெரும் வசதியே. ஆயின் டமாஸ்கஸையும் அம்மானையும் ஹைபாவையும் மதீனாவோடு ஒரே நூலில் கோத்த பழைய பாதைக்கு வாரிசு இன்றுவரை பிறக்கவில்லை.

ஆனால் ஒருவன் தன் வீட்டின் ஒரு சுவரைத் தானே இடித்துக்கொண்டான் என்பதனால், மறுசுவரைப் பெயர்த்துச் செல்லும் உரிமை அயலானுக்கு வந்துவிடாது. நம் குற்றம் நம் கணக்கில். அவர் குற்றம் அவர் கணக்கில்.

இன்று இதைப் பேசுவதேன்?

பழங்கதையை ஏன் கிளற வேண்டும் என்று சலித்துக்கொள்வோர் கவனிக்கட்டும்: இந்தச் சொத்து இன்னும் பேரத்தில் இருக்கிறது. பைஸான் வரை வந்துள்ள பாதையை நதிக்கரைக்கு நீட்டி, ஜோர்தான் வழியே சவூதி அரேபியாவோடும் வளைகுடாவோடும் இணைக்கும் திட்டத்தை இஸ்ரேல் அமைச்சர்கள் 2018இலேயே முன்வைத்தனர். 2023 செப்டம்பரில் புதுடில்லியில் கூடிய ஜி-20 மாநாட்டின்போது, இந்தியா–மத்திய கிழக்கு–ஐரோப்பா வழித்தடம் அறிவிக்கப்பட்டது. நமது சரக்கு கப்பலில் வளைகுடா சென்று, இரயிலேறி ஹைபா துறைமுகத்தை அடைந்து, ஐரோப்பா செல்லும் என்பது அதன் சாரம். அத்துறைமுகத்தை அதே ஆண்டு ஜனவரியில் வாங்கிய கூட்டில் முதன்மைப் பங்குதாரர் இந்தியாவின் அதானி நிறுவனம். அடுத்த மாதமே மூண்ட போரால் வழித்தடத்தின் வேகம் குன்றியதே தவிர, எண்ணம் கைவிடப்படவில்லை.

நூறாண்டுக்கு முன் ஹாஜிகளுக்காக இந்திய முஸ்லிமின் காசு சென்று சேர்ந்த அதே பள்ளத்தாக்கில், நாளை வணிகத்திற்காக இந்தியச் சரக்கு செல்லக்கூடும். ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவோர் மேசையில் துறைமுகக் கட்டணமும் தண்டவாள அகலமும் பேசப்படும். அந்தத் தடத்தின் முதல் உரிமையாளர் யார் என்னும் கேள்வியை அங்கே யார் எழுப்புவார்? வக்பைப் பேண வேண்டிய அரசுகள் வாய் திறவாவிட்டால், கேள்வியே எழாமல் பத்திரம் முடிந்துவிடும்.

ஆகவே நாம் கோருவன இவை. ஹிஜாஸ் பாதையின் எந்தத் துண்டின்மீதும் புதிய பாதையோ புதிய ஒப்பந்தமோ எழும்போது, அது உலக முஸ்லிம்களின் அறக்கொடையில் பிறந்தது என்பது எழுத்தில் ஏற்கப்பட வேண்டும். லொசானில் வாக்களிக்கப்பட்டு ஏட்டில் உறங்கும் அந்தக் குழுவை, பாதை செல்லும் முஸ்லிம் நாடுகளேனும் கூடி அமைக்க வேண்டும். அப்பாதையால் வாழ்ந்து, அதன் ஓரத்திலிருந்து துரத்தப்பட்ட மக்களின் திரும்பும் உரிமையைப் பேசாத எந்த 'சமாதான இரயிலும்' சமாதானத்தைச் சுமந்து வராது என்பதை உரக்கச் சொல்ல வேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் மதீனா செல்வோர் அன்பரிய்யாப் பகுதியில் நிற்கும் பழைய இரயில் நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'இது நம்மவர் கொடுத்த காசு' என்று சொல்லுங்கள். பாட்டனார் பெட்டகங்களில் கிடக்கும் பழைய ரசீதுகளையும் பதக்கங்களையும் உருக்குக்கும் குப்பைக்கும் போடாதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிலத்தின் ஆவணம் எங்கே இருக்கிறது என்பதையும் அந்தச் சூட்டோடு விசாரியுங்கள். ஹைபாவில் நடந்தது நம் தெருவில் நடவாது என்று எவரும் உறங்கிவிட வேண்டாம். உரியவன் பேசாதிருக்கும் ஒவ்வொரு நாளும் 'கைவிடப்பட்டது' என்னும் சொல்லுக்கு ஒரு சாட்சி கூடுகிறது.

பெயரும் தெரியாமல், பதக்கமும் கேளாமல், ஓர் அணாவை அந்தப் பாதைக்கு ஈந்து மறைந்த எளியவர்களின் கூலி இறைவனிடம் பத்திரமாக இருக்கிறது. அதை எந்த அரசும் பறிக்க இயலாது. அவர்கள் நம்மிடம் ஒப்படைத்துச் சென்ற அமானிதத்தைப் பற்றித்தான் நாளை நம்மிடம் கேட்கப்படும். அந்த நாளில் சொல்வதற்கு ஒரு விடையை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!